பேபி பூமர்: துப்பாக்கி கேமை வீட்டில் ஓட வைப்பது எப்படி

'பேபி பூமர்', 1989-இல் அமெரிக்காவின் கலர் டிரீம்ஸ் நிறுவனம் நிண்டெண்டோ கேம் கன்சோலுக்காக, நிண்டெண்டோ நிறுவனத்தின் அனுமதி இல்லாமலே வெளியிட்ட துப்பாக்கி கேம். பூமர் என்ற குழந்தை தன்பாட்டுக்குத் தவழ்ந்து போய்க்கொண்டே இருக்கும். வழியில் வரும் ஆபத்துகளை நாம்தான் சுட்டு விலக்க வேண்டும். தவழும் பிள்ளைக்குப் பின்னால் ஓடும் அந்தப் பதற்றம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதல் வேலை, ட்யூப் டிவி தேடுவது. எல்இடி டிவியில் அசல் துப்பாக்கி வேலை செய்யாது. ட்ரிகரை அழுத்தியதும் இந்த வகை கேம்கள் திரையை ஒரு கணம் கறுப்பாக்கும். அப்புறம் இலக்கு இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் காட்டும். முதலில் இருட்டு, அடுத்து வெளிச்சம் என்று துப்பாக்கிக்குள் இருக்கும் சென்சர் பார்த்தால்தான் குண்டு பட்டதாகக் கணக்கு. ட்யூப் டிவி வினாடிக்கு 15,000-க்கும் மேற்பட்ட கோடுகளாகப் படத்தை வரைகிறது. அந்தத் துடிப்புக்குத்தான் சென்சரை அமைத்திருக்கிறார்கள். எல்இடியில் அந்தத் துடிப்பு கிடையாது, படமும் சற்றுத் தாமதமாகவே வரும். துப்பாக்கி கெட்டுப்போச்சு என்று கழற்றுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் 2019-இல் அனலாக் ஒளிபரப்பு நின்றதும் பல வீடுகளில் ட்யூப் டிவி ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது பினாங்கு ஆயர் ஈத்தாமில் மாமா வீட்டில். "சேனலே வராதே, இதை வெச்சு என்னடா பண்ணப் போற?" என்றார். சேனல் வேண்டாம், மஞ்சள் ஏவி ஓட்டை வேலை செய்தால் போதும். சொந்தத்தில் கிடைக்காவிட்டால் காலையிலேயே பழைய பொருள் விற்கும் லோரோங் கூலிட் பசாருக்குப் போய்ப் பாருங்கள். டிவியின் பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

அடுத்து கன்சோல். அமெரிக்க நிண்டெண்டோ என்றால் அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் 240 வோல்ட்டில் நேராகச் சொருகினால் எரிந்துவிடும். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் அவசியம். இன்னொன்று, அனுமதியில்லாத கேசட்டைத் தடுக்க அதற்குள் ஒரு பூட்டு சிப் உண்டு. கலர் டிரீம்ஸ் அதை மின்னழுத்தத் தந்திரத்தால் ஏமாற்றியது. தந்திரம் பலிக்காதபோது திரை விட்டு விட்டு மின்னும். அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

நம் ஊரில் ஓடிய மைக்ரோ ஜீனியஸ் மாதிரி நிண்டெண்டோ நகல் கன்சோலில் இந்தப் பூட்டு கிடையாது. ஆனால் அமெரிக்க கேசட்டுக்கு 72 பின், இவற்றின் ஸ்லாட்டுக்கு 60 பின். நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். துப்பாக்கியின் பிளக்கும் கன்சோலுக்குக் கன்சோல் மாறும், பொருத்திப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்க நிண்டெண்டோவில் அதை இரண்டாவது ஓட்டையில் சொருக வேண்டும்.

சரி, இனி சுடலாம். திரைச்சீலையை இழுத்துவிட்டு, டிவியின் பிரைட்னஸைக் கூட்டி, நாலைந்து அடி தள்ளி உட்காருங்கள். அப்படியும் குறி தப்பினால், காது குடையும் பஞ்சுக் குச்சியால் துப்பாக்கி முனையின் லென்ஸைத் துடையுங்கள். என் துப்பாக்கியில் பிரச்சினையே அந்தத் தூசிதான்.