ட்வெல்த் சைக்காலஜி: மார்க் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

டெல்லித் தமிழ் வீடுகளில் சைக்காலஜி எடுத்த பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, "கதை மாதிரிதானே, கடைசியில படிச்சுக்கலாம்" என்பது. அதைக் கேட்காதீர்கள். சிபிஎஸ்இ-யில் தியரிக்கு 70, பிராக்டிகலுக்கு 30. அந்த 70-இல் மார்க் குறைவது பெரும்பாலும் படிக்காததால் அல்ல; பக்கத்துப் பக்கத்துச் சொற்களைக் குழப்பி எழுதுவதால்.

அதனால் முதலில் ஒரு ஜோடி நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் சொந்த உதாரணம் ஒன்று. கையில் கிருமி ஒட்டியிருக்கிறது என்ற எண்ணம் விடாமல் துரத்தினால் அப்செஷன். அதற்காகத் திரும்பத் திரும்பக் கை கழுவினால் கம்பல்ஷன். அதிகம் பேர் வழுக்குவது லெவன்த்தில் வரும் நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்டில். ஜனவரிக் குளிரில் ஸ்வெட்டர் போட்டதும் நடுக்கம் நிற்கிறது, மறுநாள் தானாகவே போடுகிறோம். வேண்டாதது விலகுவதால் ஒரு செயல் கூடுகிறது. இதோடு குழப்பிக்கொள்ளும் பனிஷ்மென்ட்டில் செயல் குறையும். கூடுகிறதா, குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கைடு பிறகு, முதலில் என்சிஇஆர்டி புத்தகம். ஒரு பகுதியைப் படித்து, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதி, பிறகு சரிபாருங்கள். மறுநாள் ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை. படித்தது முதல் சில மணி நேரத்தில்தான் மளமளவென்று மறக்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டிவிட்டார். அம்மாவிடமோ பாட்டியிடமோ தமிழில் சொல்லிப் பார்ப்பதும் நல்ல சோதனை. வாய் அடைத்துப்போகும் இடம் புரியாத இடம்.

தேர்வு 3 மணி நேரம், அதாவது மார்க்குக்குச் சுமார் இரண்டரை நிமிடம். 6 மார்க் கேள்விக்கு 15 நிமிடத்துக்கு மேல் தராதீர்கள். ஒரு பத்தியைக் கொடுத்துக் கேட்கும் கேஸ் கேள்வியில் வெறும் டெஃபினிஷன் போதாது. பத்தியில் உள்ள எந்த வரி எந்தக் கருத்தைக் காட்டுகிறது என்று எழுத வேண்டும்.

பிராக்டிகலில் ரேவன் ஸ்டாண்டர்ட் மேட்ரிசஸ் (விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் அறிவுத்திறன் டெஸ்ட்) செய்தால் 60 கேள்விகள், ஐந்து செட். டெஸ்ட் எழுதும் சப்ஜெக்ட் பெரும்பாலும் தம்பியோ பக்கத்து ஃப்ளாட் பையனோதான். கதவைச் சாத்தி, போனை வெளியே வைத்து, மேனுவலில் உள்ள வழிமுறையை அப்படியே வாசியுங்கள். கடைசி செட்டில் அவன் திணறும்போது "நல்லாப் பாருடா" என்று வாய்தவறிச் சொன்னாலும் அந்த ஸ்கோர் கெட்டது. ஸ்கோரை மற்றவர்களோடு ஒப்பிட, அவன் வயதுக்கான நார்ம் டேபிளைத்தான் பார்க்க வேண்டும். 75-ஆவது பெர்சென்டைல் என்றால் 75 சதவீதம் சரி என்று அர்த்தமில்லை. அவன் வயதில் நூற்றில் 75 பேர் அவனுக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள். வாய்மொழித் தேர்வான வைவாவில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒருவரைப் பற்றி எழுதும் கேஸ் புரொஃபைலில் பெயர் வேண்டாம், "டிப்ரெஷன்" என்று முத்திரை குத்தவும் வேண்டாம். "மூன்று மாதமாக விளையாடப் போவதில்லை, இரவு இரண்டு மணிக்குத்தான் தூங்குகிறான்" என்று பார்த்ததையும் கேட்டதையும் எழுதுங்கள். பிராக்டிகல் ஃபைலைத் தீபாவளிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு ப்ரீபோர்டு வந்து கழுத்தைப் பிடிக்கும்.