பள்ளிக்கு ஒழுங்காக வராத ஆசிரியர் மேல் புகார் கொடுப்பது எப்படி? (மாறுதல் கேட்காதீர்கள்)

எங்கள் ஊர் கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில். ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஈராசிரியர் பள்ளி. இருவரில் ஒருவர் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வருவார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பத்தே முக்காலுக்குத்தான் வந்து இறங்குவார், மதியம் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். அந்த நேரத்திலெல்லாம் தலைமை ஆசிரியர் ஒருவரே ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொள்வார். நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. இதைச் சரிசெய்ய எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

படி 1: ஆசிரியரை வேலைக்கு எடுத்தது யார் என்று பாருங்கள்

ஆசிரியர் தேர்வு வாரியம் மூலம் வந்தவர் அரசு ஊழியர். அவரை ஊர்க்கூட்டமோ தலைமை ஆசிரியரோ வேலையை விட்டு நீக்க முடியாது. துறை விசாரணை நடந்தாக வேண்டும். மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர் என்றால் கதையே வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 2: என்ன கேட்கிறோம் என்பதில் தெளிவாக இருங்கள்

ஊரில் எல்லோரும் "அவரை வேற ஊருக்கு மாத்தச் சொல்லுங்கம்மா" என்றுதான் சொன்னார்கள். எங்கள் பள்ளிக்கு அவர் வந்ததே அப்படித்தான். முந்தைய ஊரில் புகார் எழுந்து, மாறுதலில் இங்கே அனுப்பப்பட்டவர். நாமும் அதையே கேட்டால், அடுத்து இன்னும் உள்ளே இருக்கிற, ஒரு நாளைக்கு இரண்டே பஸ் போகிற பள்ளிக்குத்தான் போவார். அங்கே கேட்கவும் ஆள் இருக்காது. அதனால் மனுவில் 'மாறுதல்' என்ற வார்த்தையே வரக்கூடாது. 'ஒழுங்கு நடவடிக்கை' என்று எழுதுங்கள்.

படி 3: தேதி எழுதுங்கள் (நான் சறுக்கிய இடம்)

என் முதல் மனு மூன்று பக்கம். "எப்போதும் தாமதம்", "அடிக்கடி வருவதில்லை", "எங்கள் பிள்ளைகளின் எதிர்காலம் பாழாகிறது" என்று மனசு வெந்து எழுதினேன். உரிய ஆதாரம் இல்லை என்று மனுவை முடித்துவைத்துவிட்டார்கள். அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

இரண்டாம் முறை பன்னிரண்டு தேதிகளோடு போனேன். அதுவும் உடைந்தது. அதில் ஐந்து நாள் அவர் வட்டார வள மையத்தில் பயிற்சியில் இருந்திருக்கிறார். அந்த ஐந்தும் பொய்யானதும் மீதி ஏழையும் யாரும் நம்பவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு நீள நோட்டு வாங்கினேன். ஒரு நாளுக்கு ஒரு வரி, இப்படி:

ஜூலை 9, புதன். காலை 10.45 பஸ்ஸில் வந்தார். மாலை 3.00 பஸ்ஸில் போனார். நேரில் பார்த்தவர்கள்: நான், சத்துணவு அமைப்பாளர். பயிற்சி இல்லை, விடுப்பு இல்லை (தலைமை ஆசிரியரிடம் அன்றே கேட்டது).

அந்தக் கடைசி வாக்கியம்தான் உயிர். பயிற்சி, தற்செயல் விடுப்பு, தேர்தல் பணி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவற்றையெல்லாம் கழித்துவிட்டு மிஞ்சுவதை மட்டும் எழுதுங்கள். நேரில் பார்த்த பெற்றோரிடம் அந்த வரியில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால்தான் எழுத வேண்டும். ஜெல் பேனா மழைக்காலத்தில் எங்கள் ஊர் ஈரத்துக்கு ஊறிப்போய், ஒரு பக்கமே நீலக் கறையாகிவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வைப்பதை நான் நம்புவதில்லை. சண்டைதான் வளரும், செய்தி ஆசிரியர் காதுக்கும் போய்விடும். குழந்தைகளை வீடியோ எடுக்கச் சொல்லாதீர்கள், குழந்தைகளிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்காதீர்கள். நாளைக்கு அதே வகுப்பில் உட்காரப் போவது அவர்கள்தான்.

படி 4: தீர்மானம், மனு

மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. எங்கள் ஊரில் அவர்கள் இலை பறிக்கப் போகிறவர்கள், ஒரு நாள் கூலி போகும். வேலை முடிந்து மாலையில் கூட்டினால் வருவார்கள்.

மனு ஒரே பக்கம் போதும். அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஆசிரியர் தவறாமல் குறித்த நேரத்துக்கு வர வேண்டும் என்கிறது. 32-ஆம் பிரிவு, புகாரை மூன்று மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. இரண்டையும் குறிப்பிட்டு, தேதிப் பட்டியலையும் தீர்மான நகலையும் இணையுங்கள். முதலில் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு. நேரில் கொடுத்தால் சீல் போட்ட ரசீது கேளுங்கள், இல்லையென்றால் ஸ்பீட் போஸ்ட். பதில் வராவிட்டால் ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாள் இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-இலும் பதிவு செய்யலாம். ஆனால் எழுத்து மனுவுக்கு ஈடாக எதுவும் இல்லை என்பது என் அனுபவம்.

படி 5: விசாரணை

ஆசிரியரிடம் விளக்கம் கேட்பார்கள். பலர் இங்கே கோபப்படுகிறார்கள். "தப்பு செஞ்சவர்கிட்ட என்ன விளக்கம்?" என்று. அவர் தரப்பைக் கேட்காமல் தண்டித்தால் கோர்ட்டில் அந்த உத்தரவு நிற்காது. திரும்ப அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

அரசு ஊழியர்களுக்கான தமிழ்நாடு ஒழுங்கு விதிகளில், சிறு தண்டனைக்கு விதி 17(ஏ). கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் இதில் வரும். கட்டாய ஓய்வு, பணிநீக்கம் மாதிரி பெரியவற்றுக்கு 17(பி), அதற்கு முழு விசாரணை. விசாரணைக்காக சஸ்பெண்ட் செய்வது தண்டனை இல்லை. விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைப்பது, அவ்வளவுதான். அப்போதும் பிழைப்பூதியம் கிடைக்கும்.

விசாரணைக்கு அதிகாரி வந்த அன்று, ஆசிரியர் எதிரே நின்றதும் எங்கள் பெற்றோர் நால்வரும் தலை குனிந்துகொண்டார்கள். ஒரு அம்மா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை வரவில்லை. நான் நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, "உங்க கையெழுத்து இருக்கிற வரிய மட்டும் படிங்கக்கா" என்றேன். படித்தார். அப்புறம் மற்ற மூவரும் படித்தார்கள்.

17(ஏ) கீழ் நடவடிக்கை எடுக்கப்பட்டதாக ஒரு வரிக் கடிதம் வந்தது. இப்போது அவர் காலை முதல் பஸ்ஸில் வருகிறார். மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் சத்தம் ரோடு வரை கேட்கிறது.

சேர்த்தது 1: தகவல் உரிமைச் சட்டத்தில் "ஆசிரியருக்குக் கொடுத்த மெமோ நகல் வேண்டும்" என்று கேட்டு மறுக்கப்பட்டதாக, இதைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார். மறுப்பார்கள். அது தனிப்பட்ட தகவல் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "இந்தத் தேதியிட்ட என் மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?" என்று கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

சேர்த்தது 2: அடிக்கும் ஆசிரியர் பற்றிக் கூடலூர் பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். நோட்டுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். அடிப்பதும் மனதை நோகடிப்பதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலேயே தடை. உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். பாலியல் தொல்லை என்றால் நேராகக் காவல் நிலையம், போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்). தெரிந்தும் மறைக்கிற பள்ளிப் பொறுப்பாளர் மீதும் வழக்கு வரும். பள்ளிக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சேர்த்தது 3: தற்காலிக ஆசிரியர் விஷயம். 2022-இல் காலியிடங்களை மேலாண்மைக் குழுவே நிரப்பலாம் என்று அரசு சொன்னபோது, இடைநிலை ஆசிரியருக்கு (தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்) மாதம் 7,500 ரூபாய். ஆள் கிடைத்தால் போதும் என்று எடுக்காமல், ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவரா என்று பாருங்கள். நடந்து வரும் தூரத்தில் இருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நாள் முழுக்க வகுப்பெடுக்கச் சொல்லி, பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். சரியில்லை என்றால் தேதியோடு தீர்மானம் எழுதித் தலைமை ஆசிரியர் மூலம் நிறுத்தலாம். ஆனால் அவரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.