நிரல்மொழிகளின் செல்வாக்கை அளந்து ஒப்பிடுவது எப்படி?

நிரல்மொழிகளை வரிசைப்படுத்தும் டியோபி குறியீட்டில் பல ஆண்டுகளாக முதல் சில இடங்களை விட்டு இறங்காத சி மொழி, ரெட்மாங்க் நிறுவனத்தின் தரவரிசையில் பத்தாம் இடத்தை ஒட்டியே நிற்கிறது. இதனால் இரண்டில் ஒன்று பிழை என்றாகிவிடாது. முன்னது தேடுபொறிகள் காட்டும் இணையப் பக்கங்களை எண்ணுகிறது. பின்னது நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நடக்கும் நிரல் பங்களிப்புகளையும் நிரலாளர்களுக்கான தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நடக்கும் கேள்வி பதில்களையும் எண்ணுகிறது. ஆகவே ஒப்பிட முனைபவர் எந்த எண்ணையும் தொடுவதற்கு முன், தாம் அறிய விரும்புவதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் எதை நாடுகிறார்கள், யாரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலத் திட்டங்களில் எதில் எழுதுகிறார்கள், வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பன மூன்று தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கான தரவை வைத்து மற்றொன்றுக்கு விடை சொல்வதே இத்துறையில் மிகுதியாக நடக்கும் தவறு.

கற்பவர்களின் நாட்டத்தை அறியத் தேடல் தரவு உதவும். பிஒய்பிஎல் குறியீடு, ஒரு மொழியின் பெயரோடு பயிற்சிப் பாடம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து எவ்வளவு தேடுகிறார்கள் என்பதைத் தேடல் போக்குகளைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் வழியாக அளக்கிறது. இதையே நீங்களும் செய்து பார்க்கலாம். ஆனால் கூகுள் டிரெண்ட்ஸ் ஒரு நேரத்தில் ஒரு சில சொற்களை மட்டுமே ஒப்பிட விடும். அவற்றின் உச்சத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கேற்பச் சுருக்கும். பத்து மொழிகளை ஒப்பிட வேண்டுமானால், ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரே மொழியைப் பொது அளவுகோலாகச் சேர்த்து, அதன் வழியாகத் தொகுப்புகளை இணைக்க வேண்டும். அந்தப் பொது மொழி மிகப் பெரியதாக இருந்தால் சிறிய மொழிகள் எல்லாம் பூஜ்யமாகிவிடும் என்பதால், நடுத்தர அளவுள்ள ஒன்றைத் தேர்வதே நல்லது. அதில் வரும் எண், மொத்தத் தேடல்களில் ஒரு சொல்லின் பங்கைத்தான் காட்டுகிறது. ஆகவே கோடு கீழே இறங்கினாலும் உண்மையான தேடல்களின் எண்ணிக்கை கூடியிருக்க வாய்ப்புண்டு.

பெயர்ச் சிக்கலையும் தொடக்கத்திலேயே தீர்த்துவிட வேண்டும். சி, ஆர் ஆகியவை ஒற்றை எழுத்துகள். பைத்தான் ஒரு பாம்பு. ரஸ்ட் என்ற பெயரில் புகழ்பெற்ற விளையாட்டு ஒன்று உண்டு. கோ மொழியைக் கோலாங் என்று தேடினால் குழப்பம் குறையும். ஆனால் ஒரு மொழிக்கு மட்டும் இத்தகைய குறுகலான சொல்லைக் கொடுத்துவிட்டு மற்றவற்றுக்குப் பொதுவான சொல்லைக் கொடுத்தால், அந்த ஒரு மொழிக்கு அநீதி செய்தவர்களாவோம்.

திறந்த மூல நிரல்களை எண்ணுவதுதான் எல்லாவற்றிலும் நம்பகமானது என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் இதன் மீது மதிப்பு உண்டு; ஆனால் மிகுந்த கவனத்தைக் கோரும் தரவும் இதுவே. கிட்ஹப்பில் மொழியைக் கண்டறியும் லிங்குயிஸ்ட் என்னும் கருவி, ஒரு களஞ்சியத்தின் (ஒரு திட்டத்தின் கோப்புகள் அடங்கிய தொகுதியின்) முதன்மை மொழியைக் கோப்புகளின் பைட் அளவை வைத்து முடிவு செய்கிறது. நிரலையும் விளக்கத்தையும் ஒன்றாக வைக்கும் ஜூப்பிட்டர் நோட்புக் கோப்புகளை அது தனி வகையாக எண்ணுவதால், அவற்றுக்குள் இருக்கும் பைத்தான் கணக்கில் வராமல் போகலாம். படியெடுத்தல் இதைவிடப் பெரிய சிக்கல். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, ஃபோர்க்குகளை (ஒரு களஞ்சியத்தைப் பிறர் எடுத்துக்கொண்ட முழு நகல்களை) நீக்கிய பிறகும் ஜாவா, சி பிளஸ் பிளஸ், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய நான்கு மொழிகளில் இருந்த சுமார் 42.8 கோடிக் கோப்புகளுள் 8.5 கோடி மட்டுமே தனித்தன்மை உடையவை என்று கண்டது. ஜாவாஸ்கிரிப்டில் அந்த விகிதம் 6 சதவீதமே. பிறர் எழுதிய நூலகங்களை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளை, முழுமையாகத் தம் களஞ்சியத்துக்குள் சேர்த்துவிடும் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம். எனவே கோப்புகளையோ வரிகளையோ எண்ணாதீர்கள். ஒரு மாதத்தில் அந்த மொழியில் பங்களித்த தனித்தனி ஆட்களை எண்ணுங்கள். தானியங்கிக் கணக்குகளை முன்பே நீக்கிவிடுங்கள். தொகுப்பு நூலகங்களின் பதிவிறக்க எண்ணிக்கைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஏனெனில் அதில் பெரும்பங்கு சோதனை இயந்திரங்கள் தாமாகவே மீண்டும் மீண்டும் இறக்கிக்கொள்வது. இத்தனையும் செய்த பிறகும், வங்கிகளின் மூடிய அமைப்புகளில் இன்றும் இயங்கும் கோபோல் போன்ற மொழி பொதுக் களஞ்சியங்களில் ஏறக்குறையக் கண்ணில் படாது என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கேள்விகள் பயன்பாட்டோடு சேர்த்துத் தடுமாற்றத்தையும் அளக்கின்றன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அங்கே புதிய கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டதால், ஒரு மொழியின் கேள்வி எண்ணிக்கையை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டு அது வீழ்ந்துவிட்டது என்று சொல்வது பொருந்தாது. ஒரே மாதத்துக்குள் மொழிகளின் பங்கை ஒப்பிடுவதே முறை. அதே தளம் 2011 முதல் ஆண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்பு வேறு வகையில் உதவுகிறது. 2024-இல் 65,000-க்கும் மேற்பட்டோர் பதிலளித்தார்கள். அவர்களுள் ரஸ்டைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 13 சதவீதம், பயன்படுத்தியோருள் தொடர்ந்து பயன்படுத்த விரும்பியவர்கள் 83 சதவீதம். விருப்பமும் பயன்பாடும் இவ்வளவு தூரம் விலகி நிற்கும் என்பதால், எந்த எண்ணை எடுத்தாள்கிறோம் என்பதைப் பெயரிட்டே குறிப்பிட வேண்டும். பதிலளித்தவர்கள் தாமாக முன்வந்தவர்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வேலை விளம்பரங்களில் சொல்ல அதிகமில்லை: மறுபதிவுகளை நீக்குங்கள், ஜாவாவைத் தேடும்போது ஜாவாஸ்கிரிப்ட் சேர்ந்துவிடாமல் பாருங்கள்.

இவற்றை ஒன்றிணைக்கும்போது, எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ரெட்மாங்க் செய்வதுபோல ஓர் அச்சில் நிரல் பங்களிப்பையும் மற்றோர் அச்சில் கேள்விகளையும் வைத்து ஒவ்வொரு மொழியையும் ஒரு புள்ளியாகக் குறித்தால், இரண்டிலும் உயர்ந்தது எது, ஒன்றில் மட்டும் உயர்ந்தது எது என்பது உடனே தெரியும். ஒற்றை வரிசை தேவைப்பட்டே தீருமானால், ஒவ்வொரு மூலத்துக்கும் கொடுக்கும் எடையை மாற்றி மாற்றிக் கணக்கிடுங்கள். எடை மாறும்போது இடம் மாறிக்கொண்டே இருக்கும் மொழிகளை ஐந்தாவது, ஆறாவது என்று பிரிக்காமல் ஒரே குழுவாக எழுதுங்கள். முடிவோடு கூட, நீங்கள் பயன்படுத்திய தேடல் சொற்கள், நீக்கியவை, தரவு எடுத்த நாள் ஆகியவற்றையும் வெளியிடுங்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் அதே வழியில் எண்ணிப் பார்த்தால்தான் ஏற்றமும் இறக்கமும் மொழியில் நேர்ந்தவையா, அளந்த முறையில் நேர்ந்தவையா என்று பிரித்தறிய முடியும்.