பள்ளிக்கரணையை வரையப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நகரம் இயற்கையை விழுங்குவதை வரையச் சொன்னால் பலருக்கும் கை தானாகப் போவது ஒரே படத்துக்குத்தான். பாதி பச்சை, பாதி சாம்பல், நடுவில் உள்ளங்கையில் ஏந்திய பூமி உருண்டை. அந்தப் பச்சைப் பாதியில் நிற்பது என்ன மரம் என்று கேட்டால் வரைந்தவருக்கே தெரியாது. பூவரசா, புங்கையா? எந்த ஊரிலும் இல்லாத மரத்துக்காக யாரும் வருத்தப்படப் போவதில்லை.

அதனால் முதலில் ஓர் இடத்தைப் பிடியுங்கள். சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் போகிறது. சாலையோரம் நின்றே பார்க்கலாம்.

இணையத்தில் இறக்கிய பறவைப் படத்தைப் பார்த்து வரையாதீர்கள். நீலத் தாழைக்கோழியின் நிறம் அதில் கிடைத்துவிடும், சரி. ஆனால் அது சம்பு என்னும் நீர்ப்புல்லின் தண்டை அலகால் பிடுங்கி, நீண்ட விரல்களால் ஒரு கைப்பிடிபோல இறுக்கிப் பிடித்து, அடியில் உள்ள வெள்ளைக் குருத்தை மட்டும் உரித்துத் தின்பதை நேரில்தான் பார்க்க முடியும். நடக்கும்போது வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டும். அடியில் வெள்ளை பளிச்சிடும். பத்து நிமிடம் பென்சிலைத் தொடாமல் பாருங்கள். அதற்குப் பிறகு வரையும் கோடே வேறு மாதிரி வரும்.

நான் அதிகம் பார்த்த தவறு, கட்டடங்களை அழித்துவிடுவது. பறவையையும் கோரையையும் வைத்துக்கொண்டு பின்னணியில் வெறும் வானம் பூசிவிடுகிறார்கள். அங்கே நிஜத்தில் இருப்பது அலுவலகங்களின் கண்ணாடிச் சுவர்கள், இன்னொரு பக்கம் பெருங்குடி குப்பைக் கிடங்கு. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் இடம்பிடித்த சதுப்பு, குப்பைமேட்டை ஒட்டியே கிடக்கிறது. நெடுங்கால் உள்ளான் பறவை நடக்கும் தண்ணீரில் அடுக்குமாடியின் நிழல் விழுந்தால் அந்த நிழலையும் வரையுங்கள். நீங்கள் சொல்ல வந்த விஷயமே அதுதானே!

ஆகாயத்தாமரையின் ஊதாப்பூ அழகுதான். ஆனால் அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி, கழிவுநீர் சேரும் இடத்தில் கொழுத்துப் பரவும். அதை வரையலாம், தூய நீரின் அடையாளமாக வரைவதுதான் தப்பு.

அப்புறம், பொருள். மரத்தில் ஆணி அடித்துப் படம் மாட்டுவது, அடிமரத்தில் எனாமல் பெயின்ட் பூசுவது, தெர்மாகோலில் கொக்கு செய்வது எல்லாம் வேண்டவே வேண்டாம். நல்ல கோணம் கிடைக்கிறது என்று கூட்டுக்குப் பக்கத்தில் போவதும் அப்படியே.

ஒரே ஒரு நாள் போய்விட்டு முடித்துவிடாதீர்கள். கார்த்திகையில் தண்ணீர் நிறைந்து வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும்போது ஒரு தாள். சித்திரை வெயிலில் அதே இடத்தில், அதே கோணத்தில் இன்னொரு தாள். அடுத்த கார்த்திகைக்கு மறுபடி போங்கள். ஓரத்தில் புதிதாகக் கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்தால், அதற்கும் தாளில் இடம் விடுங்கள்.