கேங்க்கர் பின்னால் வந்தால்: எலீட் டேஞ்சரஸில் அரை நிமிடம் தாக்குப்பிடிப்பது எப்படி

எலீட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி ஆன்லைன் கேமில், எல்லோரும் ஒன்றாகப் பறக்கும் ஓப்பன் மோடில், பலவீனமான கப்பல்களைத் தேடி அடிக்கும் ஆட்டக்காரர்தான் கேங்க்கர். சரக்கு ஏற்றிப் போகும் கப்பலை வைத்துக்கொண்டு, ஆளை அடிப்பதற்கென்றே அவர் கட்டிய ஃபெர்-டி-லான்ஸ் போர்க்கப்பலை வீழ்த்த முடியாது. வீழ்த்த வேண்டிய தேவையும் இல்லை. இன்டர்டிக்‌ஷனில் சூப்பர்குரூஸ் என்ற அதிவேகப் பயணத்திலிருந்து உங்களை இழுத்து வெளியே போட்ட நொடியிலிருந்து நீங்கள் வேறு நட்சத்திர மண்டலத்துக்கு ஜம்ப் ஆகும்வரை ஏறக்குறைய அரை நிமிடம். அதுவரை ஷீல்டு நின்றால் போதும். கப்பல் கட்டுவது, பட்டன் அமைப்பது, பறப்பது என்று கீழே சொல்லும் எல்லாமே அந்த அரை நிமிடத்துக்காகத்தான்.

கிளம்பும் முன்

ரீபை பணம் (அழிந்த கப்பலைத் திரும்ப வாங்கும் தொகை) கையில் இல்லாமல் ஓப்பனில் கிளம்பாதீர்கள். கப்பலும் மாட்யூல்களும் சேர்ந்த மதிப்பில் 5% ரீபை. 20 கோடி கிரெடிட் கப்பலுக்கு 1 கோடி. அதற்கு மேல் சரக்கின் விலையும் போகும், ஏனென்றால் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. விற்காமல் வைத்திருக்கும் எக்ஸ்ப்ளோரேஷன் டேட்டாவும் கப்பலோடு அழியும். வாரக்கணக்கில் சுற்றிச் சேர்த்த டேட்டாவோடு திரும்புபவர் தனியாக ஆடும் சோலோ மோடில் வந்து விற்றுவிடுவதே புத்திசாலித்தனம். ஓப்பன், பிரைவேட் குரூப், சோலோ மூன்றுக்கும் கேலக்ஸி ஒன்றுதான். மோடு மாற்றிக்கொள்வது விதிமீறலும் இல்லை, கோழைத்தனமும் இல்லை.

கேங்க்கர்கள் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில்தான் காத்திருப்பார்கள். மாட்யூல்களை மேம்படுத்தித் தரும் எஞ்சினியர் ஃபெலிசிட்டி ஃபார்சியரின் தளம் இருக்கும் டேசியாட், ஜேம்சன் மெமோரியல் ஸ்டேஷன் இருக்கும் ஷின்ரார்ட்டா டெஸ்ரா, கம்யூனிட்டி கோல் நடக்கும் மண்டலங்கள்: இவற்றில் நுழையும்போது ஆபத்து இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக எஞ்சினியரிங் செய்ய வருபவர் ஷீல்டு பலமில்லாத கப்பலோடு வருவார் என்று தெரிந்துதான் டேசியாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கப்பலில் என்ன மாட்டுவது

சரக்கு ஓட்டுபவர்கள் செய்யும் பெரிய தவறு, ஷீல்டைக் கழற்றிவிட்டு அங்கே கார்கோ ரேக் போடுவது. கிளாஸ் 6 ஷீல்டு வைத்தால் 64 டன் இடம் போகும், உண்மைதான். ஷீல்டு இல்லாத டைப்-9 என்ற பெரிய சரக்குக் கப்பல் ஒரே சுற்றுச் சூட்டில் போகும், மீதி நூற்றுக்கணக்கான டன்னும் அதோடு போகும்.

பை-வீவ் ஷீல்டு வேகமாக ரீசார்ஜ் ஆகும் என்பதால் பலருக்கும் பிடிக்கும். நீண்ட சண்டைக்கு அது சரி. அரை நிமிடக் கணக்கில் ரீசார்ஜ் வேகத்துக்கு மதிப்பே இல்லை. மொத்தக் கொள்ளளவுதான் வேண்டும். அதனால் சாதாரண ஏ-ரேட் ஷீல்டு, கிடைத்தால் பிரிஸ்மாட்டிக்.

ஷீல்டுக்கு இயல்பாகவே கைனட்டிக் (குண்டு) தாக்குதலை 40%, எக்ஸ்ப்ளோசிவை (வெடி) 50% குறைக்கும் தன்மை உண்டு. தெர்மல் மட்டும் -20%, அதாவது லேசர் அடி கூடுதலாகவே விழும். முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை அதுதான். ஏ-ரேட் ஷீல்டு பூஸ்டர் ஒவ்வொன்றும் 20% கூட்டும், ஆனால் 1.2 மெகாவாட் மின்சாரம் குடிக்கும். யூட்டிலிட்டி (துணைக்கருவி) இடங்களில் பெரும்பாலானவற்றைப் பூஸ்டருக்கே கொடுங்கள்: சிலவற்றுக்குக் கொள்ளளவைக் கூட்டும் ஹெவி டியூட்டி எஞ்சினியரிங், ஒன்றிரண்டுக்குத் தாங்கும் சதவீதத்தைக் கூட்டும் ரெசிஸ்டன்ஸ் ஆக்மென்டட். பூஸ்டருக்கு கிரேடு 5 வரை எஞ்சினியர் டிடி வாட்டர்மேனிடமும், ஷீல்டு ஜெனரேட்டருக்கு லெய் சியுங்கிடமும் செய்துகொள்ளலாம். த்ரஸ்டருக்கு வேகம் கூட்டும் டர்ட்டி டிரைவ், ஃபார்சியரிடம் கிரேடு 3 வரை கிடைக்கும். தொடங்க அதுவே போதும்.

ஒரு யூட்டிலிட்டி இடத்தைப் பாயின்ட் டிஃபென்சுக்கு ஒதுக்குங்கள். ஷீல்டைத் தாண்டி ஜெனரேட்டரையே உடைக்கும் ரிவர்ப் கேஸ்கேடு டார்பிடோ, எஃப்எஸ்டியை (ஜம்ப் செய்யும் டிரைவை) ரீபூட் செய்யவைக்கும் மிசைல் ஆகியவை வந்தால் அது ஒன்றுதான் சுட்டு வீழ்த்தும். சாஃப், தானாகக் குறிபார்க்கும் கிம்பல் ஆயுதங்களைத்தான் குழப்பும். பிளாஸ்மா, ரெயில் கன் என்று ஃபிக்ஸ்டு ஆயுதத்தோடு வரும் தேர்ந்த கேங்க்கரிடம் அது எடுபடாது. அந்த இடத்தில் இன்னொரு பூஸ்டர் போட்டால் லாபம்.

பவர் பிளான்ட் அடி வாங்கி விழுந்தால் ஏறக்குறைய 40% மின்சாரமே மிஞ்சும். மாட்யூல் பேனலில் த்ரஸ்டர், எஃப்எஸ்டி இரண்டையும் பிரையாரிட்டி 1-இல் வைத்து, அந்த வரிசையின் மொத்தம் 40 சதவீதத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் ஷீல்டு போன பின்னும் ஜம்ப் ஆகலாம்.

பட்டன்கள்

பலர் செத்துப்போவது இங்கேதான். எஃப்எஸ்டிக்கான பொதுப் பட்டன், நீங்கள் எதை டார்கெட் செய்திருக்கிறீர்களோ அதைப் பொறுத்து நடந்துகொள்ளும். ஸ்டேஷன் டார்கெட்டில் இருந்தால் சூப்பர்குரூஸுக்குச் சார்ஜ் ஆகத் தொடங்கும். அது லோ வேக். பக்கத்தில் பெரிய கப்பல் நின்றால் மாஸ் லாக் பிடித்து, சார்ஜ் நத்தை வேகத்தில் ஏறும். வேறு மண்டலத்துக்கான ஹைப்பர்ஸ்பேஸ் ஜம்ப், அதாவது ஹை வேக், கப்பல்களின் மாஸ் லாக்கால் தாமதமாகாது. ஆகவே செட்டிங்ஸில் ‘ஹைப்பர்ஸ்பேஸ் ஜம்ப்’ என்று தனியாக இருப்பதற்கு ஒரு பட்டன், ரூட்டின் அடுத்த மண்டலத்தை டார்கெட் செய்வதற்கு இன்னொரு பட்டன். இரண்டும் விரலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கடைசி மண்டலத்துக்கு வந்துவிட்டால் ரூட் தீர்ந்திருக்கும். அதனால் உள்ளே நுழைந்ததும் பக்கத்து மண்டலம் ஒன்றுக்குப் புது ரூட் போட்டு வையுங்கள். அடி விழும்போது கேலக்ஸி மேப்பைத் திறந்தால் கதை முடிந்தது.

வலப்பக்கப் பேனலில் ‘ரிப்போர்ட் கிரைம்ஸ் அகெய்ன்ஸ்ட் மீ’ ஆன் ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். சட்டமில்லாத அனார்க்கி மண்டலத்தில் அதனால் பயனில்லை. மற்ற இடங்களில் போலீஸ் வந்து உங்களைக் காப்பாற்றாவிட்டாலும், அடிப்பவன் தலைக்குப் பவுன்ட்டி விழும்.

சூப்பர்குரூஸில்

ரேடாரில் உள்ளே காலியாகத் தெரியும் குறி மனித ஆட்டக்காரர், நிரம்பிய குறி என்பிசி (கம்ப்யூட்டர் ஓட்டுவது). காலிக் குறி உங்கள் பின்னால் வந்து ஒட்டினால் டார்கெட் செய்து கப்பல் வகையைப் பாருங்கள். இன்டர்டிக்ட் செய்ய அவர் உங்கள் முதுகுப் பக்கம் நிற்க வேண்டும். நேர்கோட்டில் போய்க்கொண்டே இருப்பது அவருக்கு வசதி. வளைந்து அவரை நோக்கித் திரும்பினால் வேக வித்தியாசத்தில் இருவரும் கடந்துபோவீர்கள். 2024-இல் வந்த எஸ்சிஓ (சூப்பர்குரூஸ் ஓவர்சார்ஜ்) வகை டிரைவ் இருந்தால் ஓவர்சார்ஜ் போட்டுப் பிடியிலிருந்து விலகிவிடலாம். எரிபொருளும் சூடும் எகிறும், பழைய கப்பல்கள் ஓவர்சார்ஜில் தள்ளாடும். நாலைந்து நொடிக்கு மேல் அழுத்த வேண்டாம்.

இழுத்துவிட்டார்கள், இப்போது?

எஸ்கேப் வெக்டரைத் (தப்பும் திசைக் குறியைத்) துரத்தி ஜெயிக்கச் சின்னச் சுறுசுறுப்பான கப்பலால் முடியும். கனமான கப்பலில் மனித எதிராளியிடம் அந்த ஆசை வேண்டாம். போராடித் தோற்றால் கப்பல் சுழன்று அடிபடும், எஃப்எஸ்டி குளிர ஏறக்குறைய 40 நொடி ஆகும். சப்மிட் செய்தால் அது 10 நொடி அளவுக்குச் சுருங்கிவிடும். எனவே:

1. த்ராட்டிலை உடனே பூஜ்யத்துக்கு இழுங்கள். இதுதான் சப்மிட்.
2. வெளியே விழுந்ததும் சிஸ்டம்ஸுக்கு 4 பிப் (மின்சாரப் பங்கு), மீதி எஞ்சினுக்கு. 4 பிப்பில் ஷீல்டு மீது விழும் சேதம் 60% குறைகிறது.
3. அடுத்த மண்டலத்தை டார்கெட் செய்யுங்கள். ஹார்டுபாயின்ட் (ஆயுதம்), கார்கோ ஸ்கூப், லேண்டிங் கியர் எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இருந்தால் எஃப்எஸ்டி சார்ஜே ஏறாது.
4. பூஸ்ட். கூல்டவுன் முடிந்த கணமே ஹைப்பர்ஸ்பேஸ் பட்டன்.

பூஸ்ட் எந்தப் பக்கம் என்பதில்தான் அனுபவம் தெரியும். எதிராளி பின்னால் விழுவார். நேராக ஓடினால் அவர் பார்வையிலேயே ஓடுகிறீர்கள். திரும்பக்கூடிய கப்பலானால் அவரை நோக்கியே திரும்பி, அவருக்கு அடியில் புகுந்து பாயுங்கள். அவர் சுற்றித் திரும்பும் நொடிகள் உங்களுக்கு இலவசம். டைப்-9 போல நகரவே யோசிக்கும் கப்பலில் திரும்ப முயன்று நேரத்தைக் கோட்டைவிடாதீர்கள். மேல்-கீழ் த்ரஸ்டரை அழுத்திக்கொண்டே குறியைக் கலைத்துப் பறந்தால் போதும்.

சார்ஜ் ஏறும்போது கப்பல் எந்தப் பக்கம் பார்த்தாலும் பரவாயில்லை. ஏறி முடிந்த பிறகுதான் மூக்கு டார்கெட்டுக்கு நேராகவும் த்ராட்டில் முழுதாகவும் இருக்க வேண்டும். கடைசி மூன்று நான்கு நொடிக்கு முன் திருப்பத் தொடங்கினால் சரியாக வரும். நடுவில் கோள் மறைத்தால் ஜம்ப் ஆகாது. அப்போது இடப்பேனலில் வேறு மண்டலம் எடுங்கள்.

ஷீல்டை நிரப்பும் ஷீல்டு செல் பேங்க் வைத்திருப்பவர்கள் ஷீல்டு தரைதட்டும்வரை காத்திருக்கக் கூடாது. அது வேலைசெய்யத் தொடங்கவே ஏறக்குறைய ஐந்து நொடி பிடிக்கும். ஷீல்டு விழுந்தபின் ஒன்றும் நடக்காது. பாதி இறங்கியதும் அடித்து, சூடு ஏறும்போது அதை வெளியேற்றும் ஹீட் சிங்க்கையும் வீசுங்கள்.

ஸ்டேஷன் வாசலில்

நோ ஃபயர் ஸோனுக்குள் வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். ஷீல்டில்லாத சைட்வைண்டர் என்ற சின்னக் கப்பலில் வந்து வேண்டுமென்றே உங்கள் மேல் மோதிச் சாகும் கூட்டம் ஒன்று உண்டு. அப்போது நீங்கள் நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் வேகத்தில் இருந்தால் குற்றம் உங்கள் தலையில் விழும், ஸ்டேஷன் துப்பாக்கிகள் உங்களைத்தான் சுடும். கூட்டமான வாசலில் 100-க்குக் கீழேயே போங்கள்.

தப்பிய பிறகு

எதிராளியிடம் வேக் ஸ்கேனர் (ஜம்ப் தடத்தைப் படிக்கும் கருவி) இருந்தால் நீங்கள் எங்கே போனீர்கள் என்று படித்து அவரும் வந்துவிடுவார். போய்ச் சேர்ந்த மண்டலத்தில் நிற்காமல் உடனே இன்னொரு ஜம்ப். அங்கே சூப்பர்குரூஸில் யாரும் துரத்தாதபோது மெனு வழியாக வெளியேறி சோலோவில் திரும்பி வரலாம். ஆபத்தில் இருக்கும்போது மெனுவில் வெளியேற 15 நொடிக் காத்திருப்பு உண்டு. அதைக் காத்திருந்து வெளியேறுவது அனுமதிக்கப்பட்டது. இணையத்தைப் பிடுங்குவதோ கேமை மூடுவதோ காம்பட் லாகிங், ஃபிரான்டியர் நிறுவனத்தின் விதிப்படி தண்டனைக்குரியது. சமீபத்தில் சந்தித்தவர்கள் பட்டியலில் அந்தக் கமாண்டரைப் பிளாக் செய்துவிட்டால், அடுத்தமுறை ஒரே இன்ஸ்டன்சில் (கேம் ஆட்டக்காரர்களைச் சேர்த்துவைக்கும் தனிக் களத்தில்) அவரோடு சேர்க்கப்படும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.