புள்ளி மறைந்தாலும் உப்பை நிறுத்தாதீர்கள்: மீன் தொட்டியில் வெண்புள்ளி நோய்

போன நவம்பரில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வாரம் விடாத மழை. எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) பின்புறம் செம்பனைத் தோட்டம்; இரவில் குளிர் நேராக வீட்டுக்குள் இறங்கும். எப்போதும் 28 பாகையில் நிற்கும் தொட்டி நீர் 25க்கு வந்துவிட்டது. அந்த வாரம்தான் புதிதாக வாங்கிய 4 மோலிகளைத் தனியே வைத்துப் பார்க்காமல் கப்பிகளோடு விட்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு மோலியின் வாலில் உப்புத்தூள் தூவியது போலப் புள்ளிகள். தொட்டியிலிருந்த 16 மீன்களில் 9தான் மிஞ்சின. மற்ற ஏழையும் காப்பாற்றியிருக்கலாம் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

படி 1: முதலில் நீரைப் பாருங்கள்

மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து மூச்சு வாங்கினால் உடனே மருந்து ஊற்றாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அமோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, புதிய நீரில் குளோரின் நீக்கி கலந்து ஊற்றுங்கள். வடிகட்டியின் ஸ்பாஞ்சை அண்மையில் குழாய்நீரில் அலசினீர்களா? அப்படியானால் அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்களைக் குளோரின் கொன்றிருக்கும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில்தான் ஸ்பாஞ்சை அலச வேண்டும்.

சோதனைக்குத் துளித்துளியாக விடும் திரவத்தையே வாங்குங்கள். நிறம் மாறும் தாள் மலிவுதான். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் புட்டியைத் திறந்து மூடியே அது கெட்டுவிடுகிறது.

படி 2: என்ன நோய்?

இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். தனித்தனி வெள்ளைப் புள்ளிகள் என்றால் வெண்புள்ளி நோய். பொன்துகள் பூசியது போலிருந்தால் அது வேறு ஒட்டுண்ணி. வாயைச் சுற்றிப் பஞ்சு போலத் தோன்றி ஓரிரு நாளில் பரவினால் பெரும்பாலும் பாக்டீரியா. அதற்கு நீரைச் சூடாக்கினால் நோய் இன்னும் வேகமெடுக்கும். செதில்கள் அன்னாசிப் பழம் போல விரிந்து நின்றால் மீனைத் தனியே எடுத்துவிடுங்கள்; பிழைப்பது அரிது.

படி 3: உப்பும் சூடும்

நான் தவறியது இங்கேதான். உப்பு போட்ட நான்காம் நாள் புள்ளிகள் எல்லாம் மறைந்தன. என் மகள் கைதட்டினாள். நான் பாதி நீரை மாற்றி உப்பை நிறுத்தினேன். ஏழாம் நாள் ஒரு மீன்கூட விடுபடாமல் எல்லாவற்றின் உடம்பிலும் புள்ளிகள்.

புள்ளி மறைவது குணமாவதற்கு அடையாளம் அல்ல. தோலுக்குள் இருந்து பருத்த ஒட்டுண்ணி கழன்று தரையில் விழுகிறது. அங்கே கூடு கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் உப்போ மருந்தோ அதைத் தொடாது. குஞ்சுகள் நீந்தி அடுத்த மீனைத் தேடும் அந்த ஓரிரு நாள்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் முழுதாக ஒரு வாரம் உப்பு நீரில் இருக்க வேண்டும். மொத்தம் 10 முதல் 14 நாள்.

அளவு: 2 அடித் தொட்டியில் கல்லும் மேல் இடைவெளியும் போக ஏறத்தாழ 45 லிட்டர் நீர் நிற்கும். லிட்டருக்கு 2 கிராம் வீதம் 90 கிராம் கல்லுப்பு. வாளியில் கரைத்து, ஒரே நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். ஹீட்டரை 30 பாகைக்கு மெல்ல ஏற்றுங்கள். சூட்டில் ஒட்டுண்ணியின் சுற்று விரைவாக முடியும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் காற்றுப் பம்பு இரவும் பகலும் ஓட வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், தரையிலுள்ள கூடுகளும் சேர்ந்து வரும்படி குழாயால் உறிஞ்சி 15 லிட்டர் மாற்றுங்கள்.

நம் நாட்டுக்கு ஹீட்டர் எதற்கு என்று பலர் கேட்பார்கள். மழைக்காலத்து இரவுகளுக்காக நான் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இனி அது இல்லாமல் தொட்டி வைக்க மாட்டேன்.

கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை போட்டால் போதும் என்று தோட்டத்து மாமா ஒருவர் சொன்னார். நீருக்கு நல்லதுதான், நானும் போடுகிறேன். வெண்புள்ளிக்கு அது மருந்தாகாது.

பின் சேர்க்கை

இதைப் படித்த ஒருவர் நீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் 90 கிராம் உப்பைப் போட்டிருக்கிறார். வேண்டாம். எடுத்த நீரோடு போன உப்பை மட்டும் ஈடு செய்யுங்கள்: 15 லிட்டருக்கு 30 கிராம். நீர் ஆவியாகிக் குறைந்திருந்தால் வெறும் நீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை.

கோரிடோரஸ் போன்ற கெளுத்தி வகை மீன்களுக்கு லிட்டருக்கு 1 கிராமில் தொடங்குங்கள். நீர்ச்செடிகளை வேறு வாளிக்கு மாற்றிவிடுங்கள். கடை மருந்து ஊற்றுபவர்கள் வடிகட்டியிலிருந்து கரியை எடுத்துவிட வேண்டும். அது மருந்தை உறிஞ்சிவிடும். புதிய மீன்களுக்கு மூடியுள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியும் ஒரு ஸ்பாஞ்சு வடிகட்டியும் போதும். குறைந்தது இரண்டு வாரம் அங்கே இருக்கட்டும். அந்தப் பெட்டிக்கு வலையும் தனியாக வைத்து, ஒவ்வொரு முறையும் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.