சான் ஆண்ட்ரியாஸ் கேமை மாட்களோடு புதுக் கணினியில் ஓட வைப்பது எப்படி?

2005இல் கணினிக்கு வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் இன்றைய விண்டோஸ் 11இல் ஓடுமா? ஓடும், மாட்களோடு (கேமை மாற்றியமைக்க ரசிகர்கள் எழுதும் கூடுதல் கோப்புகள்) சேர்த்தே நன்றாக ஓடும். ஆனால் வரிசை முக்கியம். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பலர், கேமை நிறுவிய கையோடு கிடைத்த மாட்களையெல்லாம் உள்ளே கொட்டிவிடுகிறார்கள். கேம் திறக்காமல் போனால் எது காரணம் என்று கண்டுபிடிக்க அப்புறம் வழியே இருக்காது. முதலில் மாட் எதுவும் இல்லாத கேம் ஒழுங்காக ஓட வேண்டும். பிறகுதான் மாட்கள், அதுவும் ஒவ்வொன்றாக. கேமின் சொந்தக் கோப்புகள் மேல் எதையும் எழுதக் கூடாது.

படி 1: போல்டரை எங்கே வைப்பது

புரோகிராம் ஃபைல்ஸ் போல்டருக்குள் வைக்காதீர்கள். விஸ்டா காலத்திலிருந்து அந்த இடத்தில் சாதாரண நிரல்கள் எழுத விண்டோஸ் விடுவதில்லை. பழைய நிரல் ஒன்று எழுத முயன்றால், அந்தக் கோப்பைச் சத்தமில்லாமல் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற வேறொரு போல்டருக்குக் கொண்டுபோய்விடும். நீங்கள் திருத்தும் கோப்பு ஒன்று, கேம் படிக்கும் கோப்பு இன்னொன்று என்று ஆகிவிடும். சி டிரைவில் நேரடியாக கேம்ஸ் என்று ஒரு போல்டர் போட்டு அதில் நிறுவுங்கள். நிறுவியதும், எதையும் தொடுவதற்கு முன்னால், முழுப் போல்டரையும் அப்படியே இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

படி 2: எந்தப் பதிப்பு

பழைய மாட்களில் பெரும்பாலானவை 1.0 பதிப்புக்கென்றே எழுதப்பட்டவை. இதற்கு ஒரு காரணம் உண்டு. கேமை உருவாக்கியவர்கள் மாட்களுக்கென்று தனி வாசல் எதையும் வைக்கவில்லை. அதனால் ஸ்கிரிப்ட் மாட்கள் நினைவகத்தில் குறிப்பிட்ட ஒரு முகவரிக்குப் போய், அங்கே இருப்பதை நேரடியாக மாற்றுகின்றன. பின்னால் வந்த பதிப்புகளில் அந்த முகவரிகள் இடம் மாறிவிட்டன. மாட் போய்த் தொடும் இடத்தில் வேறு ஏதோ இருக்கும், கேம் விழுந்துவிடும், அதாவது திடீரென்று நின்றுபோகும்.

உங்களிடம் இருப்பது பிந்தைய பதிப்பு என்றால், நீங்கள் வாங்கிய கோப்புகளையே 1.0 நிலைக்கு மாற்றித் தரும் டவுன்கிரேடர் கருவிகள் உள்ளன. மாற்றியதும் டாக்குமெண்ட்ஸ் போல்டரில் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் யூசர் ஃபைல்ஸ் என்ற போல்டரைத் திறந்து, செட் என்று முடியும் அமைப்புக் கோப்பை மட்டும் அழித்துவிடுங்கள். வேறு பதிப்பு எழுதி வைத்த அந்தக் கோப்பு அங்கே கிடந்தால், கேம் தொடக்கத்திலேயே மூடிக்கொள்ளக்கூடும். அழித்தால் கேம் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும்.

2021இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் வேறு விஷயம். அது அன்ரியல் எஞ்சினில் ஓடுவது. இங்கே சொல்லும் மாட்கள் அதற்கு ஒத்துவராது.

படி 3: பிழை திருத்தும் பேட்ச்கள்

மூன்று பொருள்கள் போதும். முதலில் ஏஎஸ்ஐ லோடர்: ஏஎஸ்ஐ என்று முடியும் துணைக் கோப்புகளை கேமுக்குள் ஏற்றும் வேலை இதனுடையது. அடுத்தது சைலன்ட்பேட்ச்: கேமின் பழைய பிழைகளைத் திருத்துவது இது. மூன்றாவது வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ்: இது இல்லாவிட்டால் அகலத் திரையில் ரேடார் வட்டமும் எழுத்துகளும் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். மூன்றையும் கேம் போல்டரிலேயே வைக்க வேண்டும்.

இந்த மூன்றில் சைலன்ட்பேட்சை மட்டும் யாரும் தவிர்க்கவே கூடாது என்பேன். ஏன் என்பதற்கு ஸ்கிம்மர் கதையே போதும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபோது, ஸ்கிம்மர் என்ற கடல் விமானம் கேமிலிருந்து காணாமல் போனது. எல்லாரும் விண்டோஸைத்தான் சந்தேகித்தார்கள். சைலன்ட்பேட்சை எழுதியவர் தோண்டிப் பார்த்தபோது பிழை கேமுக்குள்ளேயே இருந்தது. வண்டிகளின் விவரம் இருக்கும் கோப்பில் ஸ்கிம்மருக்கான வரியில் சக்கர அளவைக் குறிக்கும் கடைசி எண்களே இல்லை. முந்தைய ஜிடிஏ கேமான வைஸ் சிட்டியில் ஸ்கிம்மர் படகு வகையில் இருந்தது, படகுக்கு அந்த எண்கள் தேவையில்லை. சான் ஆண்ட்ரியாஸில் அதை விமானமாக மாற்றியபோது எண்களைச் சேர்க்க விட்டுவிட்டார்கள். எண் கிடைக்காத கேம், அதற்கு முன் படித்த வண்டியின் எண்கள் நினைவகத்தில் மிச்சம் கிடந்ததை எடுத்துக்கொண்டது. கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் அது தற்செயலாகச் சரியாகவே நடந்தது. 24எச்2இல் விண்டோஸ் அந்த இடத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தியதும், அளவு கன்னாபின்னாவென்று மாறிப்போனது. இன்றைய சைலன்ட்பேட்சில் இதற்கான திருத்தம் இருக்கிறது.

ஆகவே, கேம் கோளாறு செய்தால், பழைய விண்டோஸ் போல நடந்துகொள்ளும் கம்பாட்டிபிலிட்டி மோடில் எக்ஸ்பி, விஸ்டா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பேட்ச் பிழையையே திருத்துகிறது. அந்த மோட் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

படி 4: ஓட்டிப் பாருங்கள்

புது ஆட்டம் தொடங்கி, கொஞ்ச தூரம் வண்டி ஓட்டி, சேவ் செய்து, வெளியே வந்து மறுபடி லோட் செய்யுங்கள். டிஸ்ப்ளே அமைப்பில் ஃபிரேம் லிமிட்டரை (விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதற்கு வரம்பு வைப்பது) ஆன் நிலையிலேயே விடுங்கள். படம் இன்னும் வழவழப்பாக ஓடும் என்று அதை அணைக்க ஆசை வரும். ஆனால் இந்த கேமின் அசைவுக் கணக்குகள் சில விநாடிக்கு 30 ஃபிரேம் அளவை நம்பியே எழுதப்பட்டவை. வேகம் கூடினால் நீச்சல் போன்ற விஷயங்கள் கெட்டுப்போகும்.

படி 5: மாட் லோடர், பிறகு மாட்கள்

மாட் லோடரையும் கேம் போல்டரில் வையுங்கள். உள்ளே மாட்லோடர் என்ற போல்டர் இருக்கும். இனி வரும் ஒவ்வொரு மாடுக்கும் அதற்குள் தனிப் போல்டர், உங்களுக்குப் புரிகிற பெயரில். மாட் பிடிக்கவில்லையா? அந்தப் போல்டரை நீக்கினால் கேம் பழையபடி ஆகிவிடும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் மாடோடு வரும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பு. 2006, 2007 வாக்கில் எழுதிய ரீட்மீயில், ஐஎம்ஜி டூலைத் திறந்து ஜிடிஏ3 ஐஎம்ஜி கோப்புக்குள் இந்த டிஎஃப்எஃப், டிஎக்ஸ்டி கோப்புகளை மாற்றிப் போடு என்று இருக்கும். அன்றைக்கு வேறு வழி இல்லை. இன்று அப்படிச் செய்யாதீர்கள். டிஎஃப்எஃப் என்பது வடிவம், டிஎக்ஸ்டி என்பது அதன் மேல் ஒட்டும் படங்கள். இரண்டையும் அந்த மாடின் போல்டரில் போட்டாலே போதும், கேம் ஓடும்போது மாட் லோடர் அசலுக்குப் பதிலாக இவற்றைக் கொடுக்கும். வண்டிகள் ஓடும் விதத்தைத் தீர்மானிக்கும் ஹேண்ட்லிங் கோப்பில் இந்த வரியை மாற்று என்று ரீட்மீ சொன்னால், அந்த ரீட்மீயையும் அதே போல்டரில் வையுங்கள். உள்ளே இருக்கும் வரியை மாட் லோடரே படித்துக்கொள்ளும். சிஎஸ் என்று முடியும் ஸ்கிரிப்ட் கோப்புகளுக்கு மட்டும் கிளியோ என்ற துணை நிரலை நிறுவியிருக்க வேண்டும்.

தானே நிறுவிக்கொள்ளும் இஎக்ஸ்இ கோப்பாக வரும் பழைய மாட்களை நான் தொடுவதில்லை. அது எந்தக் கோப்பின் மேல் எதை எழுதுகிறது என்பது நமக்குத் தெரியாது.

விழுந்தால் என்ன செய்வது

மாட்லோடர் போல்டரில் லாக் என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறந்து கடைசி வரிகளைப் படியுங்கள். எந்தக் கோப்பை ஏற்றும்போது நின்றது என்பது பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டால், மாட்களில் பாதியை வெளியே எடுத்துவிட்டு ஓட்டுங்கள். ஓடினால் கோளாறு வெளியே இருக்கும் பாதியில். ஓடாவிட்டால் உள்ளே இருப்பதில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 32 மாட்கள் இருந்தாலும் ஐந்து முறை ஓட்டினால் ஒன்றில் வந்து நிற்கும்.

சாலை, கட்டடம் எல்லாம் மங்கலாகவோ காணாமலோ போனால் அது வேறு கோளாறு. பெரிய படங்கள் கொண்ட மாட்கள் கேம் தனக்கென்று வைத்திருக்கும் நினைவக வரம்பைத் தாண்டிவிட்டன. ஓப்பன் லிமிட் அட்ஜஸ்டர் அந்த வரம்பை உயர்த்தும். அப்போதும் இது 32 பிட் நிரல்தான். கணினியில் எவ்வளவு ரேம் இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் இதனால் தொட முடியாது. எல்லாப் படங்களையும் மிகப் பெரிய அளவில் மாற்றும் மாட்களை அளவோடு சேருங்கள்.

கதையையோ மிஷன்களையோ மாற்றும் மாட் போடுவதற்கு முன் உங்கள் சேவ் கோப்புகளை நகல் எடுங்கள். சேவ் கேமின் முதன்மை ஸ்கிரிப்டோடு கட்டுப்பட்டது. ஸ்கிரிப்ட் மாறினால் பழைய சேவ் திறக்காது. அவை யூசர் ஃபைல்ஸ் போல்டரில் எஸ்எஃப்1 முதல் எஸ்எஃப்8 வரை எட்டுக் கோப்புகளாக இருக்கும்.